பச்சைக் கல்லுக்கு வெச்ச குங்குமம்

கண்மணிக்குக் கை சும்மா இருக்காது. கழுவுன தட்டையே மறுக்காவும் கழுவுவா. இருவது வருசம் டெக்சாஸ்ல, ஹில்கிராஃப்ட்டுங்கற தெருவுல ஒரு மளிகைக் கடைக்குப் பின்னால நின்னு கீரை ஆய்ஞ்சு, இட்லி மாவு அரைச்சு டப்பாவுல அடைச்ச கை அது. முட்டி தேஞ்சு வேலைய விட்ட பொறவு அந்தக் கைக்கு என்ன சோலி? கார் ஓட்டத் தெரியாது. கார் ஓட்டத் தெரியாதவளுக்கு, அவ குடியிருக்கற பேர்லேண்டுல வூடும் ஒண்ணுதான், ஜெயிலும் ஒண்ணுதான்.

புருசன் வேலுமணி போயி நாலு வருசம். தாராபுரத்துல கருமாதியன்னைக்கு நாத்தனா ஈரத்துணியால அவ நெத்தியில ஒரே இழுப்பா இழுத்தா. அதோட போச்சு குங்குமம். ஊருலதான் அப்படின்னு பாத்தா டெக்சாஸ்லயும் அதே கூத்து. போன நவராத்திரிக்கு அடுத்த தெரு ரோஷினி வூட்டுக் கொலுவுக்குப் போயிருந்தா. ரோஷினி ஐடியில பெரிய மேனேஜரு. குங்குமத் தட்ட ஒவ்வொருத்திக்கா நீட்டிக்கிட்டே வந்தவ, கண்மணி கிட்ட வந்ததும் ஸ்டாப்புல நிக்காத பஸ்ஸாட்டம் தாண்டிப் போயிட்டா. "ஆன்ட்டி, நீங்க சுண்டல் எடுத்துக்குங்க"ன்னு ஒரு கப்ப மட்டும் கையில திணிச்சா. கண்மணி தின்னா. "உப்பு பத்தல"ன்னு சொல்லிப்போட்டுத்தான் எந்திரிச்சா.

அவளுக்கு ஒரே பொண்ணு, யாமினி. டாக்டருக்குப் படிப்பான்னு பாத்தா, மண்ணு தோண்டறதுக்குப் படிச்சா. துருக்கியில ஹத்துசான்னு ஒரு பாழடைஞ்ச ஊரு. மூவாயிரத்துச் சொச்சம் வருசத்துக்கு முன்னால ஹிட்டைட்டுன்னு ஒரு கூட்டம் ராஜாங்கம் பண்ணுன எடமாம். ஆறு வருசம் நாயா அலைஞ்சு அங்க தோண்டப் பெர்மிட் வாங்கியிருந்தா யாமினி. லீவுல வந்தவ, அம்மா வூட்டுக்குள்ளயே நடந்து நடந்து கார்ப்பெட்டத் தேய்ச்சு வெச்சிருக்கறதப் பாத்தா. "ஜஸ்ட் கம் வித் மீ, அம்மா"ன்னு டிக்கெட்டப் போட்டுட்டா.

ஹத்துசாவுக்குள்ள நொழையறப்பவே பொண்ணு வெரல ஆட்டிச் சொன்னா: "அம்மா, ப்ளீஸ். டோன்ட் டச் எனிதிங். ஏதாச்சும் ஆச்சுன்னா மை பெர்மிட் இஸ் கான்."

"தொடாமப் பாக்கறதுக்கு போன்லயே பாத்திருப்பேனே, கண்ணு."

மொத நாளு பொண்ணு கூடவே சுத்திக் காட்டுனா. அரமணைன்னா முழங்கால் ஒயரத்துக்குக் கல்லு வரிசை. வாசல்ல ரெண்டு சிங்கம், வாயப் பொளந்துக்கிட்டு. கொஞ்சம் தள்ளி ஒரு பாறையில சாமிங்களச் செதுக்கி வெச்சிருந்தாங்க, தர்ம தரிசனத்துக்கு நிக்கறாப்புல ஒருத்தர் பின்னால ஒருத்தரா. அதுல ஒரு அம்மா சிறுத்தை மேல நின்னா.

"எத்தன சாமி இவுங்களுக்கு?"

"தௌசண்ட். தட்ஸ் வாட் தே செட். அடுத்த ஊரு சாமியக்கூட எடுத்துக்குவாங்க."

"அப்ப நம்ம சனந்தான்," ன்னா கண்மணி.

மூணாம் நாளு யாமினி குழிக்குள்ள எறங்கிட்டா. அம்மாவ நெழல்ல ஒரு சேர் போட்டு ஒக்கார வெச்சா. எத்தன நேரம் ஒக்காருவா? காத்து வேற பேயாட்டம் அடிச்சுது. எந்திரிச்சா, நடந்தா, திரும்புனா, மறுக்காவும் நடந்தா. பெரிய கோயிலு இருந்த எடத்துக்கு வந்து சேந்தா.

அங்கதான் அந்தக் கல்லு. சுத்திலும் எல்லாம் சாம்பக் கலரு, நடுவுல இது மட்டும் பச்ச. தொடை ஒயரம், நாலு பக்கமும் சதுரம், எண்ணெ போட்டாப்புல வழவழப்பு. எதுக்கு வெச்சாங்கன்னு யாருக்குமே தெரியாதுன்னு பொண்ணு சொல்லியிருந்தா. பூவில்ல, வெளக்கில்ல, கேக்க நாதியில்ல. கண்மணி சுத்திப் பாத்தா. ரோஷினியும் இல்ல, நாத்தனாவும் இல்ல.

பையில தலைக்கு வெக்கற தேங்காயெண்ணெ இருந்துச்சு. யாமினிக்குன்னு பேர்லேண்டு மீனாட்சி கோயில்ல வாங்குன குங்குமப் பொட்டலமும் இருந்துச்சு. கை கேக்கல. எண்ணெயத் தடவி, நடுவுல அம்சமா ஒரு பொட்டு வெச்சுட்டா. மூணு சுத்தும் சுத்திட்டா.

அரை மணி நேரத்துல விசில் சத்தம். காவக்காரன் ஓடியாந்தான். தோண்டற கூட்டத்துக்குத் தலைவி ஒரு மேடம், அவளும் வந்தா. அந்தக் கூட்டத்துலயே இந்தியப் பொண்ணு யாமினி ஒருத்திதான். எல்லாக் கண்ணும் அவ மேலதான். யாமினி கல்லப் பாத்தா, அம்மாவப் பாத்தா.

"இட் வாஸ் மீ," ன்னா மெதுவா.

கண்மணிக்கு இங்கிலீசு அரகொறதான், ஆனா 'மீ' தெரியும். ஆறு வருசத்தத் தூக்கிக் குப்பையில போடுறாளே கிறுக்கி!

"நோ! மீ!" ன்னு நடுவுல பூந்தா. செவந்த வெரல மேடம் மூக்குக்கு நேரா நீட்டுனா. "திஸ் ஹேண்ட். அவ குழிக்குள்ள இருந்தா. ஏன்டி வாயப் பொத்திக்கிட்டு நிக்கற, அதச் சொல்லு!"

யாமினி சொன்னா. மேடம் ஒரு பேப்பரு எழுதியாந்தா. கண்மணி தமிழ்ல, கோணக்கா மாணக்கான்னு, கையெழுத்துப் போட்டா. தப்பு விருந்தாளியோடது, பொண்ணுக்கு ஒண்ணுமில்ல, ஆனா இந்தம்மா இனி உள்ள கால் வெக்கக்கூடாதுன்னு முடிவாச்சு.

"நானே தொடச்சுடறேன்," ன்னா கண்மணி. விடல. யாமினியத் தொடைக்கச் சொன்னாங்க. பஞ்சு எடுத்து மருந்துல நனைச்சு, ஒத்தி ஒத்தி எடுத்தா அவ. நாத்தனா ஒரே இழுப்புல அழிச்சா. பொண்ணு ரெண்டு மணி நேரம் அழிச்சா. வேலிக்கு வெளிய நின்னு கண்மணி பாத்துக்கிட்டே இருந்தா, நின்ன எடத்துல நிக்க முடியாம.

கார்ல வரும்போது யாமினி வெடிச்சா. "வொய், அம்மா? அத்தன தடவ சொன்னேன்ல?"

"சொன்ன. தப்புத்தான். எனக்கு ஒரு எடத்துல வெக்கோணுமின்னு இருந்துச்சு, வெச்சுட்டேன். உன்ற சோத்துல மண்ணு விழப் பாத்துச்சு. இனி கல்லு பக்கம் போகமாட்டேன்."

அந்த வருசமும் நவராத்திரி வந்துச்சு. ரோஷினி வூடு, அதே கொலு. தட்டு வரிசையா வந்துச்சு. கண்மணி கிட்ட வந்ததும் ரோஷினி கால் தானா வேகமாச்சு.

"ஏனுங்க ரோஷினி, நில்லுங்க." கண்மணி தட்டு விளிம்பப் புடிச்சுக்கிட்டா. ஒரு சிட்டிகை எடுத்துத் தன் நெத்தியில வெச்சா.

"ஆன்ட்டி..."

"துருக்கியில ஒரு கல்லுக்கு வெச்சதுக்குக் கையெழுத்துக் கேட்டாங்க, போட்டுக் குடுத்தேன். அது அவுங்க கல்லு. இது என்ற நெத்தி. இதுக்கும் வேணுமின்னா பேப்பரக் கொண்டாங்க, போடறேன்."

ரோஷினி பேப்பர் கொண்டாரல. தட்டு கண்மணி கைக்கு வந்துருச்சு. அதப் பக்கத்துல ஒக்காந்திருந்தவளுக்கு நீட்டுனா. அந்தப் பொண்ணு தட்டையும் பாத்தா, ரோஷினி மூஞ்சியையும் பாத்தா.

கண்மணி நீட்டுன கைய எறக்கல.