ஒரு ஹாரன் அடித்தால் வெயில்

காலை ஏழே முக்கால். ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில் வேன் நின்றிருந்தது. நான் இருக்கைப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு பயணிகளின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தேன். டிரைவர் முருகேசன் என்னைப் பார்க்காமல், முன்கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னார்.

“அண்ணன் போயிட்டாருங்க அம்மணி. சேலத்துல, ஆஸ்பத்திரியில. விடியக்கால.”

பதினான்காவது பெயரில் நின்றேன். பிறகு பதினைந்தாவது பெயரை வாசித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பொன்னுரங்கம் அண்ணனை இந்த ஊர்க்காரர்களான உங்களில் பலருக்குத் தெரியும். ஏற்காடு சுற்றிக்காட்டும் வேனில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வழிகாட்டி. பக்கத்து மலைக்கிராமமான கொட்டச்சேட்டுக்காரர். வெளுத்த முழுக்கைச் சட்டை. எந்நேரமும் கறுப்புக் கண்ணாடி. “என்னண்ணா, சினிமாவுல கூப்புட்டாங்களா?” என்று ஒண்டிக்கடையில் நீங்கள் கேலி செய்வீர்கள். “கீழ இருந்து வர்றவங்க என்னையும் ஒரு எடமாப் பாத்துட்டுப் போவட்டுமுங்க” என்பார்.

அந்தக் கண்ணாடியைப் பற்றித்தான் எழுதுகிறேன். எழுதலாம் என்று அவர் மனைவி சொன்னார். “இனி யாருங்க அவர வேலைய விட்டு எடுக்கப் போறாங்க” என்றார்.

அந்த வேனில் பயணிகளைக் கவனிக்கும் வேலைக்கு நான் சேர்ந்த வாரம். பயணிகளில் ஒருவர் மலை ஏறும்போதே சலித்துக்கொண்டு வந்தார். தாஜ்மஹால் பார்த்துவிட்டேன், ஹம்பி பார்த்துவிட்டேன், இங்கே அப்படி என்ன இருக்கிறது என்று. அண்ணன் முன் இருக்கையிலிருந்து திரும்பாமல் பதில் சொன்னார். “அதெல்லாம் கட்டி வெச்சதுங்க. நீங்க போவலன்னாலும் இருக்கும். இது நான் சொன்னாத்தானுங்க இருக்கும்.”

வேன் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அன்று பகோடா பாயிண்ட் காட்சிமுனையில் பனி இறங்கியிருந்தது. கம்பித் தடுப்புக்கு அப்பால் வெறும் வெள்ளை. மற்ற வழிகாட்டிகள் ஆட்களை டீக்கடைக்கு அழைத்துப் போய்விட்டார்கள். அண்ணன் தடுப்பில் ஒரு கையை வைத்து, மறு கையை வெள்ளைக்குள் நீட்டினார். கீழே ஊர், அதன் கோயில், மழைத்தண்ணீர் நிற்கும் குட்டை, எதிர் மேட்டில் தனியாக ஒரு சிவப்பு ஓட்டு வீடு. விரல் ஒவ்வொரு இடத்திலும் சரியாக நின்றது. பதினெட்டுப் பேரும் வெள்ளையைப் பார்த்துத் தலையாட்டினார்கள். சலித்துக்கொண்டவர் அதைப் படம் எடுத்தார்.

மறுநாள் வானம் தெளிந்திருந்தது. ஊர் இருந்தது. கோயில் இருந்தது. குட்டை வெயிலில் மின்னியது. விரல் நின்ற இடங்களில் அவை அப்படியே இருந்தன. எதிர் மேட்டில் மட்டும் சில்வர் ஓக் மரங்கள். வீடு இல்லை.

பயணிகளில் அதைக் கண்டுபிடிப்பவர்கள் மட்டும் இருந்தார்கள். “அதோ, அந்த மரத்துக்குப் பக்கத்துல.” “ஆமா ஆமா.”

என் கண்ணில்தான் கோளாறு என்று சில வாரங்கள் நினைத்திருந்தேன். பிறகு முருகேசனைக் கேட்டேன்.

“அது இடிஞ்சு நாலஞ்சு வருசம் ஆச்சுங்க” என்றார். “அண்ணங்கிட்டச் சொல்லிராதீங்க.”

ஏன் என்று அவர் சொல்லவில்லை.

முருகேசனுக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. பகோடா பாயிண்டில் ஒரு மொட்டைப் பாறை அருகில்தான் வேனை நிறுத்துவார், கதவு பாறையைப் பார்த்திருக்கும்படி. அந்த இடத்தில் வேறு வண்டி நின்றால் அது நகரும்வரை சண்டை போடுவார். நிறுத்தியதும் ஹாரன் அடிப்பார். சில நாள் ஒன்று. சில நாள் இரண்டு. டீக்கடைக்கு வணக்கம் வைக்கிறார் என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

ஒரு நாள் அவர் விடுப்பில் போனார். பதில் ஆளாக வந்த டிரைவர், அவசரத்தில், எஸ்டேட் கேட்டுக்கு எதிரே வேனை நிறுத்தினார். ஹாரன் அடிக்கவில்லை.

அண்ணன் இறங்கினார். நடந்தார். நின்றார். எஸ்டேட் கேட்டின் இரும்புக் குழாயில் கையை வைத்தார். பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டியபடி, காப்பிச் செடிகளை நோக்கிக் கையை நீட்டினார்.

“கீழ தெரியறது ஊருங்க. அதுக்கு எடப்பக்கம் கோயில்.”

முதலில் சிலர் சிரித்தார்கள். வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். அவர் நிறுத்தவில்லை. குட்டை. சிவப்பு ஓட்டு வீடு. சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. ஒரு பெண் தன் குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். செடிகளுக்குள் ஏதாவது தெரிகிறதா என்று இரண்டு பேர் குனிந்து பார்த்தார்கள்.

போய் அவர் முழங்கையைத் தொட்டேன். அப்போது புரிந்தது. அவர் என் பக்கம் திரும்பியதில், என் முகத்துக்குச் சற்று மேலே பார்த்ததில்.

“என்ன கண்ணு, பனியா இன்னிக்கு?” என்றார் மெதுவாக.

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

“ஆமாங்கண்ணா” என்றேன். “நொம்பப் பனி.”

அவர் பயணிகளிடம் திரும்பினார். “இன்னிக்குப் பனிங்க. ஒண்ணும் தெரியாது. மன்னிச்சுக்குங்க.” பதினெட்டுப் பேரும் வெயிலில் நின்று அதைக் கேட்டார்கள். யாரும் மறுக்கவில்லை. ஒவ்வொருவராக வேனில் ஏறினார்கள். முழங்கையைப் பிடித்து அவரையும் ஏற்றினேன்.

திரும்பும் வழியில், வெகுநேரம் கழித்து, அவர் சொன்னார். “பனியில கழுத்து சுடாது கண்ணு.”

இருக்கைப் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

“பாறையில இருந்து பதினோரு அடி எடுத்து வெச்சா தடுப்பு. முருகேசன் ஒரு ஹாரன் அடிச்சா வெயிலு, ரெண்டு அடிச்சா பனி. ஆறு வருசமா அப்படித்தான் ஓடுது. எனக்கு எப்பவும் பனிதான். எல்லாமே வெள்ளையா.”

ஓய்வு எடுத்துக்கொள்ளலாமே என்றேன். பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள், சாப்பாட்டுக்குக் குறைவில்லை, அது எனக்குத் தெரியும்.

“ஊட்ல உக்காந்தா ஒண்ணும் தெரியறதில்ல சாமி. அங்க போயி, நாலு பேரு பாக்கறப்ப, வாயத் தொறந்து சொன்னாத்தான் தெரியுது. குட்டைத் தண்ணி மின்னறது வரைக்கும். இத நிறுத்திட்டீங்கன்னா நான் நெசமாவே குருடன்.”

நான் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒன்றரை ஆண்டு, தடுப்பை ஒட்டி அவர் பக்கத்தில் நின்றேன். அங்கே தடுப்புக்குப் பிறகு மண் கிடையாது. கண் தெரியாத ஒருவர் பின்னால், தினமும் பதினெட்டுப் பேரை அந்த விளிம்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அதைச் சரி என்று இப்போதும் என்னால் சொல்ல முடியாது. நடக்கும்போது அவர் உதடு அசையும். ஒன்பது. பத்து. பதினொன்று. நானும் கூடவே எண்ணுவேன். தூக்கத்திலும் எண்ணியிருக்கிறேன்.

வீடு இடிந்ததைக் கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை. ஒரே ஒரு முறை கேட்டேன். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? அவர் யோசித்தார். “தெரியலீங்க. கதவு சாத்தியே இருக்குது. ஆளு இருந்தா தொறந்து வெப்பாங்கல்ல?”

மார்கழியில் காய்ச்சல் வந்து படுத்தார். பிறகு வேனுக்கு வரவே இல்லை. அவர் வரும்வரை பகோடா பாயிண்ட் வேண்டாம் என்று முருகேசனும் நானும் தவிர்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அந்தக் காலை.

சுற்றுலாவை நிறுத்த முடியாது. பயணிகள் எல்லாரும் வந்துவிட்டார்கள். “அங்க போலாமுங்களா?” என்று முருகேசன் கேட்டார். போகலாம் என்றேன்.

பாறை அருகில் நிறுத்தினார். கதவு பாறையைப் பார்த்திருந்தது. பிறகு, பழக்கத்தில், ஒரு ஹாரன் அடித்தார். அடித்தபின் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். யாருக்காக அடித்தோம் என்று இருவருக்கும் தெரிந்தது.

இறங்கி நடந்தேன். பதினோரு அடி. தடுப்பில் கை வைத்தேன். இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் யாரோ கையை எடுத்ததுபோல. வெயில்தான். வேறொன்றுமில்லை.

ஊர் என்றேன். கோயில் என்றேன். குட்டை. எதிர் மேட்டில் சில்வர் ஓக் மரங்கள் மட்டும் தெளிவாகத் தெரிந்தன. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவர் அங்கே கண்டது போய்விடும் என்று தோன்றியது.

“அங்கே, தனியாக, ஒரு சிவப்பு ஓட்டு வீடு” என்றேன்.

கைகள் உயர்ந்தன. “ஆமா, அதோ.” அது எதிர்பார்த்ததுதான்.

பிறகு, பின்வரிசையில் அதுவரை பேசாமல் நின்ற ஒரு அம்மா தன் கணவரிடம் சொன்னார். “கதவத் தொறந்து வெச்சிருக்காங்க பாருங்க.”

கதவைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

முருகேசனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வேனை விட்டு இறங்கி, அந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது பதினோரு அடி, ஒரு ஹாரன், அந்த வீடு. தினமும் அதைக் காட்டுகிறேன். எல்லாரும் பார்க்கிறார்கள். நான் மட்டும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.