மேடத்தின் சம்பளம்

அன்றைக்குக் கோயில் எதிரே பந்தலில் கூடியிருந்தவர்கள்: ஊர்ப் பஞ்சாயத்தார் ஐந்து பேர், வீட்டுக்கு ஓர் ஆம்பிளை, என் தாய்மாமா, நான். வராதவர்கள் மூன்று பேர். அப்பா கேரளாவுக்கு மீன்பிடி வேலைக்குப் போயிருந்தார். யாரைப் பற்றிய கூட்டமோ அந்த மேடமும், அவரிடம் வேலை பார்த்த அம்மாவும் பந்தலுக்குப் பின்னால் வலைக் கொட்டகையில் நின்றிருந்தார்கள். எங்கள் ஊர்க் கூட்டத்தில் பெண்கள் உட்காருவதில்லை. கேட்டுக்கொள்ளலாம்.

சுனாமி வந்து நாலாவது வருஷம் அது. மீன்பிடித் தடைக்காலம், போட்டுகள் எல்லாம் கரையில் கிடந்தன. கடலூருக்குத் தெற்கே இருக்கும் எங்கள் குப்பத்துக்கு வந்த டிரஸ்டுகள் பல. பாத்திரம் கொடுத்தார்கள், பாய் கொடுத்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். நின்றவை மூன்றுதான். அதில் சின்னது மேடத்தினுடையது. சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, ஊர்ச் சமுதாயக் கூடத்தில் இரண்டு டீச்சர்களோடு சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவார். அம்மா கூடத்தைப் பெருக்கி, சுண்டல் வேகவைத்துக் கொடுப்பாள். மாதம் எழுநூறு ரூபாய். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாரும் ஐந்தாவது தாண்டியதில்லை. அக்கா அந்த வருஷம் பத்தாவதுக்குப் போகிறாள். கணக்கு என்றால் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். மேடம் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்துதான் ஒன்பதாவதைத் தாண்டியிருந்தாள். அவள் பத்தாவது பாஸாவதுதான் எங்கள் வீட்டின் ஒரே பெரிய திட்டம்.

சுனாமிப் பணத்தை டிரஸ்டுகாரர்கள் தின்றுவிட்டார்கள் என்று கரையெல்லாம் பேச்சு. எங்கள் ஊரில் திருவிழா முடிந்தால் வரவு செலவை எல்லோர் முன்னாலும் படிப்பார்கள். கற்பூரம் வாங்கிய இரண்டு ரூபாய்கூட விடுபடாது. அதுபோல டிரஸ்டுகளும் படிக்கவேண்டும் என்று பஞ்சாயத்தார் சொல்லிவிட்டார்கள். மற்ற இரண்டு டிரஸ்டும் கணக்கு ஆடிட்டரிடம் இருக்கிறது என்றன. மேடம் மட்டும் இரண்டு தாளில் தமிழில் எழுதிக் கொண்டுவந்தார். அவர் பந்தலுக்குள் வரமுடியாதே, அதனால் படிக்கும் வேலை எனக்கு வந்தது. ஏழாவதுக்குப் போகப்போகிற நான் பள்ளியில் செய்தி வாசிக்கிறவன்.

காலையில் தலை வாரிவிடும்போது அம்மா சொன்னாள்: "கடேசி வரி வாணாம்டா. அத மட்டும் வுட்டுட்டுப் படி."

தாளைக் கையில் கொடுக்கும்போது மேடம் சொன்னார்: "ஒரு வரி கூட விடக்கூடாது தம்பி. மறைச்சா அது திருட்டு மாதிரி ஆயிடும்."

எழுதியிருப்பதைப் படிக்காமல் விட்டால் வாத்தியார் அடிப்பார் என்பதுதான் அப்போது நான் அறிந்த நியாயம். படித்தேன். நோட்டுப் புத்தகம், சாக்பீஸ், கொண்டைக்கடலை, கரண்ட் பில். இரண்டு டீச்சர்களுக்கு ஆளுக்கு ஆயிரத்து எண்ணூறு. அம்மாவின் எழுநூறைப் படித்தபோது நாலைந்து தலைகள் ஆடின. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்த நிமிர்விலேயே கடைசி வரியை எல்லாவற்றையும்விடச் சத்தமாகப் படித்தேன்.

"பொறுப்பாளர் சம்பளம், மாதம் எட்டாயிரத்து ஐந்நூறு."

மாமாதான் முதலில் எழுந்தார்.

"எவ்ளோடா? இன்னொருக்கா படி."

இன்னும் தெளிவாகப் படித்தேன்.

"சேவ பண்ண வந்தவுங்களுக்கு என்னாத்துக்குச் சம்பளம்? நம்ம தலைவரு எத்தினி வருசமா ஊருக்கு ஒழைக்கிறாரு. ஒரு துண்டத் தவிர என்னா கண்டாரு?"

"பஸ்சுல வர்றப்பவே நெனச்சேன் மச்சான்," என்றார் பக்கத்திலிருந்தவர். "காரு வாங்கத்தான் சேக்குறாங்க."

சிரிப்பு அடங்குவதற்குள் கொட்டகைப் பக்கமிருந்து அம்மாவின் குரல் வந்தது. "போட்டு ஓட்டுறன்னு நீ ரெண்டு பங்கு வாங்கல? ஒன்னோட வலை இழுக்குறவனுக்கு ஒரு பங்குதான? அது ஜாஸ்தின்னு எவன் கேட்டான்?"

மாமா போட்டு டிரைவர். அம்மாவுக்குத் தம்பி. அவர் கொட்டகைப் பக்கம் திரும்பினார். அதற்குள் பஞ்சாயத்தார் ஒருவர், "அங்க என்னா பொம்பள சத்தம்?" என்று அதட்டிவிட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் வராமலே போயிற்று.

தீர்ப்பு சுருக்கமானது. அவ்வளவு சம்பளம் வாங்குகிறவர்கள் இனி கூடத்துக்கு மாதம் இரண்டாயிரம் வாடகை கொடுக்கட்டும். டிரஸ்டுக்குப் பணம் கொடுக்கிறவர்கள் எந்தப் பணம் எதற்கு என்று எழுதித்தான் தருகிறார்கள், அதை நானாக மாற்ற முடியாது, ஒரு மாதம் பொறுத்தால் வாடகைக்கும் கேட்டு எழுதுகிறேன் என்று மேடம் சொல்லியனுப்பினார். பஞ்சாயத்தார் பொறுக்கவில்லை. பள்ளி திறக்கும் முன்பே மேடம் கரும்பலகையைக் கழற்றிக்கொண்டு போனார். சுண்டல் குண்டானை மட்டும் அம்மாவிடம் விட்டுப்போனார். கூடத்தில் பழைய வலைகள் ஏறின. கணக்கே படிக்காத இரண்டு டிரஸ்டும் அந்த வருஷத் திருவிழாவுக்கு மைக்செட் போட்டன. ஊர்த் தலைவர் அந்த டிரஸ்டுகாரர்களுக்கு மாலை போட்டார்.

பஸ் ஏறும்போது மேடம் என்னிடம், "நல்லாத்தான் படிச்ச தம்பி," என்றார். பரிசு வாங்கியவன் போல ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னை அடிக்கவில்லை. தேய்த்த குண்டானையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் மாதம் மாமாவே அக்காவைக் கடலூருக்குக் கூட்டிப்போய் டியூஷனில் சேர்த்துவிட்டு வந்தார். காரணம் யாருக்கும் சொல்லவில்லை. மாதாமாதம் பீஸ் அவருடையது. அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த இலவச பஸ் பாஸ் இருந்தது. வயசுப்பிள்ளை தனியாகத் திரும்பக்கூடாதென்று அம்மா டிக்கெட் எடுத்துக் கூடவே போய்வந்தாள்.

அக்கா கணக்கில் அறுபத்தொன்று வாங்கிப் பாஸானாள். மாமா லட்டுப் பொட்டலத்தோடு வந்தார். எல்லோருக்கும் கொடுத்த பிறகு, சம்பந்தமே இல்லாமல், "மேடம் போனதுக்கப்பறம் இந்த வருசம் நமக்கு எவ்ளோ ஆச்சுன்னு கூட்டு பாப்பா. ஒண்ணையும் வுடாத," என்றார்.

அக்கா ரஃப் நோட்டின் பின்பக்கத்தில் எழுதினாள். டியூஷன் பீஸ், மாதம் முந்நூற்றைம்பது, பத்து மாதத்துக்கு மூவாயிரத்து ஐந்நூறு. அம்மாவின் பஸ் காசு ஆயிரத்து ஐந்நூறு. எழுதிவிட்டுப் பேனாவை மூடப்போனாள். மாமா தடுத்தார். "ஒங்கம்மா சம்பளம் போச்சே, அத யாரு எழுதுவா?"

அதையும் எழுதினாள். பத்து மாதத்துக்கு ஏழாயிரம்.

"இப்ப படி. சத்தமா."

கேரளாவிலிருந்து வந்திருந்த அப்பாவையும் சேர்த்து வீட்டுக்குள் ஐந்து பேர்தான் இருந்தோம். அதைக் கேட்க மாமா ஏன் எழுந்து நின்றார், அம்மா ஏன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள் என்பதெல்லாம் எனக்கு விளங்கவில்லை. நான் படித்திருந்தால் இன்னும் நன்றாகப் படித்திருப்பேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்காவின் குரல் மெலிசு.

மொத்தம் பன்னிரண்டாயிரம் ரூபாய், எங்கள் ஒரு வீட்டுக்கு மட்டும்.