வீட்டில் ஆள் இருந்தால்தான் தார்ப்பாய்

பேரிடர் நிவாரணம் பற்றி நான் நாலைந்து புத்தகங்கள் படித்திருக்கிறேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. படிக்காமல் போயிருந்தால் ஒரு தெருவையே கொல்லப் பார்த்திருக்க மாட்டேன்.

புயல் அடித்து முடிந்து, மழை மட்டும் விடாமல் பெய்துகொண்டிருந்த வாரம். கும்பகோணத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாயும் நானும் அவர் வேனில் தார்ப்பாய்களை ஏற்றிக்கொண்டு திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்குப் போனோம். எல்லாம் மண்சுவர் வீடுகள். கூரைக் கீற்று ஒன்றுகூட மிச்சமில்லை. சனம் மொத்தமும் பள்ளிக்கூடத்தில் ஒண்டியிருந்தது. பள்ளி வாசலில் வைத்தே கொடுத்தோம். மெயின் ரோட்டு ஊர்க்காரர்கள் பைக்கில் வந்து முதலில் நின்று, பாதியை வாங்கிக்கொண்டு பறந்துவிட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போதுதான் படித்தது வேலை செய்தது. உதவி உரியவர் கைக்குப் போக வேண்டுமென்றால் அவர் வாசலுக்கே போக வேண்டும். பெஞ்சு ஒன்றின் மேல் ஏறினேன். "நாளைக்குக் காலையில வீடு வீடா வருவோம். வீட்டுல ஆள் இருந்தாத்தான் தார்ப்பாய். ஆள் இல்லாத வீட்டைத் தாண்டிப் போயிடுவோம்" என்று கண்டிப்பாகச் சொன்னேன். "சரியான ஐடியா சார்" என்றார் பாய். எனக்கும் அப்படித்தான் பட்டது.

மறுநாள் காலையில் மழை விட்டு, சுள்ளென்று வெயில். நல்ல சகுனம் என்று சொல்லிக்கொண்டே வேனை விட்டு இறங்கினேன். பள்ளிக்கூடம் காலியாகக் கிடந்தது. வராந்தாவில் ஒரு வயதான அம்மா மட்டும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் எங்கம்மா?"

"வூட்டுக்குப் போயிட்டாங்க. நீங்கதானே போவச் சொன்னீங்க? என் மருமவ விடியறப்பவே போயிட்டா. கடைசி வூடு. இந்தக் கால் மட்டும் நல்லாருந்தா நானும் போயிருப்பேன்."

தெருப்பக்கமிருந்து பொத்தென்று ஒரு சத்தம் வந்தது.

"விழுந்த தென்னையை அறுக்கிறாங்க போல" என்றேன்.

பாய் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். "ரம்பம் ஓடுற சத்தமே இல்லையே சார்."

மறுபடி ஒரு பொத்.

டெல்டாவில் பிறந்தவனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம். ஊறிய மண்சுவர் மழையில் நின்றுவிடும். வெயில் ஏறினால்தான் ஆபத்து. வெளிப்பக்கம் காய்ந்து வெடிக்கும், உள்ளே சேறாகவே இருக்கும், அப்படியே உட்கார்ந்துவிடும். மழை விட்ட காலையில் சுவரோரம் விளையாடியதற்காக முதுகில் வாங்கியவன் நான். பெஞ்சின் மேல் ஏறியபோது அந்த முதுகு எனக்கு ஞாபகம் வரவில்லை.

ஓடினோம். தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். அழுகிய பயிர் நாற்றம். ஒரு காக்கை இல்லை. இரு பக்கமும் சுவர்களிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. கூரையில்லாத ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஆட்கள் தலை வாரி, பொட்டு வைத்து, நிவாரணம் வாங்குகிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். விழுந்த இரண்டும் யாரும் போகாத வீடுகள் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

"வெளிய வாங்க! சுவர் விழுது!" என்று கத்தினேன். ஒருத்தரும் அசையவில்லை. வீட்டில் ஆள் இருந்தால்தான் என்று சொன்னவன்தானே நான்.

பாய் வியாபாரி. அவர் திரும்பி ஓடிப்போய் வேனைக் கொண்டுவந்து, சுவரே இல்லாத நெல் களத்தில் நிறுத்தினார். "களத்துக்கு வர்றவங்களுக்குத்தான் தார்ப்பாய்! கொஞ்சந்தான் இருக்கு!" என்று ஒரு குரல் கொடுத்தார். தெரு மொத்தமும் களத்துக்கு ஓடியது. கடைசி வீட்டு மருமகளைத் தவிர.

ஒரு தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு நான் போனேன். வாசல்பக்கச் சுவரில், அடியிலிருந்து ஜன்னல் வரை விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. அதிலிருந்து மண் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் நிலைப்படிக்கு உள்ளே நின்றாள்.

"வெளிய வாம்மா."

"வந்தா வீட்டுல ஆள் இல்லம்பீங்க."

"சொல்ல மாட்டேம்மா. சுவத்தப் பாரு."

"சுவத்த நாங்க பாத்துக்குறோம். நேத்து ஒரு பேச்சு, இன்னைக்கு ஒரு பேச்சா சார்? அத இங்க குடுத்துட்டுப் போங்க."

உள்ளே போய்க் கொடுக்க எனக்குத் தைரியமில்லை. இதையும் எழுதிவிடுகிறேன். தெருவின் எதிர்ப்பக்கம் மேட்டில் தார்ப்பாயை வைத்தேன். "இங்க வச்சிருக்கேன். வேணும்னா எடுத்துக்க. இல்லேன்னா வேற யாராச்சும் எடுத்துட்டுப் போவட்டும்" என்று சொல்லிவிட்டு, நடக்கிற மாதிரி நாலடி நடந்தேன்.

பின்னால் தண்ணீரில் கால் வைக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அவள் குனிந்து தார்ப்பாயைப் பிரித்து, கிழிசல் இருக்கிறதா என்று தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவர் பெரிய ஆர்ப்பாட்டம் எதுவுமில்லாமல், களைத்துப்போன ஆள் உட்காருவது போல, உள்பக்கமாக உட்கார்ந்தது. அவள் நின்றிருந்த நிலைப்படியைக் காணோம். அவள் அழவில்லை. தார்ப்பாயை மடித்து மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிவந்து மாமியாரிடம் ஒப்படைத்தோம். நடந்ததை நானே விவரித்தேன். என் பங்கைக் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். அந்த அம்மா கடைசி வரை கேட்டுவிட்டு மருமகள் பக்கம் திரும்பினார்.

"அடுப்புல என்ன வச்சிருந்த?"

"காத்துக்கிட்டுத்தானே இருக்கோம்னு கஞ்சிக்கு வச்சேன் அத்தை."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கூப்புட்டதுதான் கூப்புட்டீங்க, ஒலைய எறக்கிட்டு வாம்மான்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா தம்பி? இருந்த ஒரு குண்டானும் போச்சு."