எலுமிச்சை கட்டிய இருக்கை

கடல் அடிக்கும் என்றால் கரையில் இருப்பவர்கள் அலையை நினைப்பார்கள். படகின் முன்பலகையில் உட்கார்ந்தவனுக்கு அது வேறு. மூக்கு மேலே எழும்பும். ஒரு நொடி உடம்புக்கு எடையே இருக்காது, வயிறு தொண்டைக்கு வரும். பிறகு தண்ணீர் சிமெண்டாகிக் கீழே வந்து நிற்கும். பொத். அந்த அடி பலகை வழியாக முதுகெலும்பின் கடைசிக் கண்ணிக்கு ஏறி, அங்கிருந்து பல்லுக்குப் போகும். பத்து மாவுங் படகுத்துறை ஜெட்டியிலிருந்து பூலாவ் கெண்டித் தீவுவரை தூண்டில்காரர்களை ஏற்றிப் போகிற எங்கள் படகில் அப்படி அடிபட்டு அடிபட்டுத்தான் என் முதுகுத்தட்டு ஒன்று பிதுங்கியது.

படகு எனக்கும் என் மனைவியின் அண்ணனுக்கும் பொது. சனி ஞாயிறு ஓட்டம். மச்சான் நடுவில் நின்று சுக்கான் பிடிப்பார். முன்னால் நங்கூரமும் இரைப்பெட்டியும் நானும். அவருக்குக் கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த சிரிப்பு. "மெதுவா மச்சான்!" என்று நான் திரும்பிக் கத்துவேன். "மெதுவா போனா மீனு காத்திருக்குமா, மாப்ள?" என்பார். ஏறியிருக்கும் தூண்டில்காரர்கள் சிரிப்பார்கள். அவர்கள் சிரிப்பதற்காகவே இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டுவார்.

குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் நான்தான் தேடிக் கண்டுபிடித்தேன் அந்த இருக்கையை. கைப்பேசியில் ஒரு வீடியோ. மீட்புப் படகுகளில் போடுகிற நாற்காலி. காலுக்குள் சுருள்கம்பியும் எண்ணெய்க் குழாயும். அலை அடிக்கும்போது இருக்கை மூச்சு விடுகிற மார்பு மாதிரி தாழ்ந்து எழும். உட்கார்ந்தவன் தலை மட்டும் அசையாமல் ஒரே மட்டத்தில் போகும். தூக்கம் வராத முதுகோடு படுத்துக்கொண்டு அதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். மாமாக் டீக்கடையில் தே தாரே ஆறிப்போகும்வரை மச்சானுக்கும் காட்டினேன். "ரெண்டு வாங்கிடுவோம் மாப்ள, உனக்கு ஒன்னு எனக்கு ஒன்னு" என்றார். என் தோளில் கூடத் தட்டினார்.

வந்தது ஒன்று. சுக்கானுக்குப் பின்னால் அவரே பொருத்தியிருந்தார்.

"மச்சான், என்னுது?"

"முன்னாடி அதப் போட்டா நங்கூரத்த எங்க வைக்கிறது? ஓட்டுறவன் முதுகுதான் முக்கியம் லா. உன்னுதுதான் ஏற்கனவே போயிடுச்சே!"

ஜெட்டியில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு வாயில் துருப்பிடித்தது.

வெள்ளிக்கிழமை இருக்கைக்குப் பூசை. புதுக் காடிக்குப் போடுகிறோம், லாரிக்குப் போடுகிறோம், இதற்குப் போடாமல் விடுவாரா? லிட்டில் இந்தியாவில் மல்லிகை மாலை, எலுமிச்சை, பச்சை மிளகாய் எல்லாம் வாங்கி வந்தார். உறையாக வந்த பிளாஸ்டிக்கைக் கூட உரிக்கவில்லை, அதன் மேலேயே சந்தனம், குங்குமம். எலுமிச்சையை எங்கே கட்டுவது என்று பூசாரி சுற்றிப் பார்த்தார். இருக்கையின் கால்களைச் சுற்றி அகலமான கறுப்புப் பட்டை ஒன்று தோதாக இருந்தது. அதில் கோத்து இறுக்கி முடிச்சுப் போட்டார். மச்சான் கன்னத்தில் போட்டுக்கொண்டு அறிவித்தார்: "இத யாரும் தொடக் கூடாது. அதுவா காஞ்சு விழணும்."

மறுநாள் தளத்தைக் கழுவும்போது குனிந்து பார்த்தேன். அது இருக்கையின் பட்டை இல்லை. பெட்டிக்குள் துள்ளாமலிருக்கத் தொழிற்சாலையில் கட்டி அனுப்பிய பட்டை. சுருள்கம்பியைக் கடைசிவரை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. வீடியோவில் வருகிறவன் பெட்டியைத் திறந்ததும் முதலில் வெட்டுவது அதைத்தான். மச்சான் வீடியோவில் அலையை மட்டும்தான் பார்த்திருக்கிறார். இப்போது அதன் மேல் சாமி வேறு ஏறி உட்கார்ந்துவிட்டது. இருக்கை இனி வெறும் மேசை. பலகையில் இருக்கிற நானாவது முட்டியை மடக்கி அடியைக் கொஞ்சம் வாங்குவேன். அவர் உயரத்தில், காலைத் தொங்கவிட்டு, முழு அடியையும் முதுகில் வாங்கப்போகிறார்.

தண்ணீர்க் குழாயை மூடினேன். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"மெத்தை லா! மேகத்துல உக்காந்த மாதிரி!" ஏறுகிற ஒவ்வொருவரிடமும் மச்சான் சொன்னார். சொல்லச் சொல்ல, சொன்னதை மாற்றிச் சொல்ல அவருக்கிருந்த வழி அடைபட்டுக்கொண்டே போனது. தென்மேற்குக் காற்று தொடங்கியது. கெண்டிப் பக்கம் அலைகள் தோளோடு தோள் உரசி வந்தன. வழக்கமாக வருகிற அக்கா ஒருவர், தூண்டிலை மடியில் வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அண்ணே, அது ஆடவே இல்லையே?"

"அதான் அக்கா நல்ல சாமான். ஆடுறதே தெரியாது!"

நான் கடலைப் பார்த்துக்கொண்டேன். மெதுவாகப் போகச் சொல்லிக் கத்துவதை நிறுத்தியிருந்தேன். "மேகம் கறுக்குது மச்சான், கொஞ்சம் வேகமாவே போலாம்" என்றுகூடச் சொன்னேன். அடி என் முதுகிலும்தான் விழுந்தது. ஆனால் அது விழும்போதெல்லாம் பின்னாலிருந்து அடக்கிய ஒரு முனகல் வரும். அதைக் காதால் வாங்கிக்கொண்டால் என் வலி சற்றுத் தள்ளி உட்கார்ந்தது.

அவர் ஜெட்டிப் படியில் பக்கவாட்டில் ஏற ஆரம்பித்தார். சட்டைக்குள் அகலமான பெல்ட் தெரிந்தது. "அண்ணனுக்கு அண்ணி தினமும் ஒத்தடம் கொடுக்கறாங்களாம், என்னான்னே தெரியல" என்றாள் மனைவி, சோறு போட்டபடி. இன்னும் கொஞ்சம் போடு என்றேன். இரக்கம் வந்ததா என்றால், வாசல்வரை வந்தது. உள்ளே கூப்பிடவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, தைல வாடையோடு வந்தார். "மாப்ள, இன்னைக்கு நீ ஓட்டு. எனக்குக் கண்ணு கொஞ்சம் கலங்குது. அந்தச் சீட்டுல நீயே உக்காந்துக்க." கண்ணாம்.

இத்தனை வாரமும் இதற்குத்தான் காத்திருந்தேன். இரைப்பெட்டியிலிருந்து கத்தியை எடுத்தேன். காய்ந்து கறுத்த எலுமிச்சையை முதலில் அறுத்து, கண்ணில் ஒற்றி, அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"ஏய், அதத் தொடக் கூடாதுன்னு..."

பட்டையை வெட்டினேன். இருக்கை ஒரு பெருமூச்சோடு எழுந்தது. என் இடுப்புவரை எழுந்தது. உட்கார்ந்தேன். தாழ்ந்தது, ஏந்தியது. மச்சான் எலுமிச்சையோடு நின்றபடி அது மேலும் கீழும் போவதைப் பார்த்தார். சந்தனம் வைத்த பிளாஸ்டிக் என் கீழே சரசரத்தது.

"எப்ப தெரியும் உனக்கு?"

"பூச போட்ட மறுநாள்."

அவர் வாய் திறந்தது. தூண்டில்காரர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள், மேகத்துக் கதையைக் கேட்ட அதே ஆட்கள். வாய் மூடியது. முன்பலகைக்குப் போய் உட்கார்ந்தார்.

முனையைத் தாண்டியதும் காற்று எதிரே வந்தது. மூக்கு எழும்பி விழுந்தது. எனக்குக் கீழே கடல் ஒரு கனைப்போடு முடிந்துபோனது. முன்னால் அந்தப் பெரிய உடம்பு பலகையிலிருந்து எழும்பி, மறுபடி பலகையில் விழுந்தது. திரும்பிப் பார்க்க அவரால் முடியவில்லை. இரண்டு கையும் பிடிமானத்தில் இருந்தன.

"மெதுவா, மாப்ள!"

"மெதுவா போனா மீனு காத்திருக்குமா, மச்சான்?"

அன்று யாரும் சிரிக்கவில்லை. என் முதுகு அந்த இருக்கையிலும் வலிக்கத்தான் செய்தது. பிதுங்கியது பிதுங்கியதுதான், அதை உள்ளே தள்ள எந்தச் சுருள்கம்பிக்கும் தெரியாது. அதை நான் அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. அடுத்த அலை வருவது தெரிந்தது. கை வேக விசைப்பிடியில் இருந்தது. குறைக்கவில்லை.