எங்கள் வீட்டுக்குப் பை வந்த கிழமை

அந்தப் புதன்கிழமை காலை வீட்டில் நின்றவர்கள் இவ்வளவு பேர்தான். செத்தவனின் மனைவி. அவள் தோளைப் பிடித்தபடி ஒரு நேர்ஸ், மலேசியாத் தமிழ்ப் பிள்ளை, அடுத்த தெருக்காரி. கிளப் தலைவர், மோல்ட்டா நாட்டுக்காரர், தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு. அவருடைய மனைவி, பாற்கட்டி வைத்த பணியாரம் ஒரு தட்டு நிறைய. அங்கிள். பிறகு நான்.

அங்கிள் ஒருவருக்கும் சொந்தமில்லை. கொழும்பில் கந்தோர் வேலை பார்த்துவிட்டு மகனோடு இருக்க வந்தவர். எழுபதுகளில் மெல்பேர்னின் மேற்குப் பக்கம் தமிழ் வீடுகள் அருமை. கோயில் இல்லை. ஐயர் இல்லை. செத்தவீட்டு முறை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் வந்தபோது எனக்கு மூச்சு வந்தது.

செத்தவனும் நானும் ஒரே தொழிற்சாலை. அவன் கல்யாணம் கட்டி மனைவியைக் கூப்பிட்டபின் ஒரு வீடு எடுத்தான். முன்னறையை எனக்கு வாடகைக்குத் தந்தான். வாடகைக்கு என்று சொன்னாலும் சாப்பாடு ஒரே பானைதான்.

கிளப்புக்கு எங்களைக் கொண்டுபோனதும் தொழிற்சாலைதான். இலங்கைக்காரன் என்றால் கிரிக்கெட் விளையாடுவான் என்று நினைத்து மேற்பார்வையாளர் அவனைத் தொழிற்சாலை அணியில் போட்டார். அவன் வாழ்நாளில் மட்டை பிடித்ததில்லை. முதல் பந்திலேயே விக்கெட் மூன்றும் பறந்தது. பக்கத்து மெஷினில் நின்ற மோல்ட்டாக்காரர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். ‘‘நீ ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் வா, காலாலே விளையாடு’’ என்றார். அவர்தான் கிளப் தலைவர்.

ரயில் பாதைக்கு அப்பால், கல் உடைத்த பள்ளத்துக்குப் பக்கத்தில் மைதானம். ஒரு தகரக் கொட்டகை. ஒரு தண்ணீர்க் குழாய். மழை பெய்தால் ஒரு பக்கத்துக் கோல் குளத்துக்குள் நிற்கும். கிரேக்கர், இத்தாலியர், யூகோஸ்லாவியர் எல்லோருக்கும் ஆளுக்கொரு கிளப். வெள்ளைக்காரன் உதைபந்தைப் பந்தாட்டம் என்றே கணக்கெடுக்கமாட்டான். அவனுக்கு அவனுடைய நீள்வட்டப் பந்துதான் பந்து.

எங்கள் ஆள் நடுவில் நின்று தடுப்பவன். ஆறாம் நம்பர். நான் பதினாலு. பதினாலு என்றால் கோட்டுக்கு வெளியே வாங்கில் இருப்பவன். ஒருவன் காலை முறித்தால்தான் எழும்புவேன்.

கிளப்பில் ஒரு வழக்கம் இருந்தது. ஜேர்சிகள் ஒருவனுக்கும் சொந்தமில்லை. விளையாட்டு முடிந்ததும் பதினாலையும் கழற்றி ஒரே பைக்குள் போடவேண்டும். அந்தப் பை கிழமைக்கு ஒரு வீடு போகும். அந்த வீட்டில் தோய்த்துக் காயவைத்து அடுத்த ஞாயிறு கொண்டுவரவேண்டும். யாரும் தப்பமுடியாது. தலைவர் வீட்டுக்கும் போகும்.

முதல்முறை எங்கள் வீட்டுக்குப் பை வந்தபோது அவன் மனைவி ஊரிலிருந்து வந்து ஒரு மாதம்கூட இல்லை. பையைத் திறந்து பார்த்துவிட்டு மூக்கைப் பொத்தினாள்.

‘‘என்னப்பா இது, ஊரான் வேர்வையெல்லாம் நானோ தோய்க்கிறது?’’

‘‘ஊரான் இல்லை, எங்கடை ஆக்கள்’’ என்றான் அவன்.

‘‘எங்கடை ஆக்கள் இவ்வளவு மணக்கமாட்டினம்.’’

ஆனாலும் தோய்த்தாள். ஜேர்சிகளின் வெள்ளைக் கைகளுக்கு நீலம் போட்டாள். நீலம் போடுவது அங்கே யாருக்கும் தெரியாது. அந்த ஞாயிறு எங்கள் அணி பளிச்சென்று இறங்கியது. தலைவர் ஒரு ஜேர்சியின் கையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ‘‘இனி ஒவ்வொரு கிழமையும் பை உங்கள் வீட்டுக்குத்தான்’’ என்று பகிடி விட்டார். அன்றைக்குத்தான் தலைவரின் மனைவி அவளைக் கட்டிப் பிடித்தார். அதுவரை அந்தத் தெருவில் அவளோடு ஒருவரும் கதைத்ததில்லை.

அவன் விழுந்த கிழமையும் எங்கள் வீட்டு முறைதான். ஞாயிறு மழையில் விளையாடினார்கள். அவன் எப்போதும் கடைசியாகத்தான் ஜேர்சி கழற்றுவான். சேறோடு நின்று கதைத்துக்கொண்டே நிற்பான். அன்றும் எல்லோரும் போட்டபிறகு தன்னுடையதைச் சுருட்டிப் பைக்குள் போட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். பின்பக்கத்துச் சலவை அறையில் வைத்தான். மழை விடட்டும், தோய்க்கலாம் என்றாள் அவள்.

திங்கள் காலை மெஷினுக்குப் பக்கத்தில் விழுந்தான். நெஞ்சு. பின்னேரம் ஆஸ்பத்திரியில் கண் திறந்து கதைத்தான். நானும் அவளும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றோம்.

‘‘என்ன, இரண்டு பேரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிக்கிறியள்?’’ என்றான். ‘‘நான் செத்தால் வேட்டி கட்டி அனுப்பிப் போடாதையுங்கோ. வேட்டியோடை அங்கை ஆர் என்னை விளையாட விடுவான்? ஆறாம் நம்பரைப் போட்டு அனுப்புங்கோ.’’

‘‘வாயைப் பொத்துங்கோ’’ என்றாள் அவள்.

‘‘தோய்ச்சுப் போட்டு’’ என்றான். ‘‘நீலம் போட்டு.’’

அவள் அவன் கையில் அடித்தாள். அவன் சிரித்தான். செவ்வாய் விடியமுன் முடிந்துவிட்டது.

புதன் காலை நானும் தலைவரும் பெட்டி ஒழுங்கு செய்யப் புறப்பட்டபோது அவள் வாசலுக்கு வந்தாள்.

‘‘அண்ணை, அவர் சொன்னதைக் கேட்டனீங்கள்தானே?’’

‘‘ஓம்.’’

‘‘பகிடிக்குத்தான் சொன்னவர். ஆனால் வேறை ஒண்டும் கேட்கேல்லை. அதொண்டுதான் கேட்டவர்.’’

‘‘ஓம் பிள்ளை. வந்து பையை எடுத்துத் தாறன்.’’

தலைவருக்குச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். தங்கள் நாட்டிலும் பெட்டிக்கு மேலே ஜேர்சி விரிப்பது உண்டு என்றார்.

நாங்கள் திரும்பி வர மத்தியானம் தாண்டிவிட்டது. வீடு கழுவியிருந்தது. ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. அவள் தலை முழுகி ஈரத்தோடு ஒரு கதிரையில் இருந்தாள். நேர்ஸ்பிள்ளைதான் குளிக்க வார்த்திருக்கிறாள். அங்கிள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியோடு நின்றார். அந்த வயதில் அவ்வளவு வேலை செய்திருந்தார்.

நான் சலவை அறைக்குப் போனேன். பை இல்லை.

‘‘அங்கிள், இதுக்குள்ளை ஒரு பை கிடந்ததே.’’

‘‘அழுக்குத் துணிப் பைதானே? போட்டாச்சுத் தம்பி. துடக்கு வீட்டிலை தோய்க்காத துணி வைச்சிருக்கக் கூடாது. ஊரிலை எண்டால் கட்டாடி வந்து தோய்க்க எடுத்துக்கொண்டு போவான். இஞ்சை ஆர் இருக்கினம்? மகன்ரை காரிலை ஏத்திக்கொண்டுபோய், சேர்ச் மூலையிலை ஏழையளுக்கு உடுப்புப் போடுற பெட்டி இருக்கல்லே, அதுக்குள்ளை போட்டிட்டு வந்தனான். நாலு பேர் உடுக்கட்டும்.’’

அவர் பையைத் திறந்து பார்க்கவில்லை. செத்தவன் துணியைத் திறந்து பார்ப்பது முறையும் இல்லை.

அவள் கதிரையில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

நானும் தலைவரும் ஓடினோம். சேர்ச் மூலைப் பெட்டி வெறுமையாக இருந்தது. லொறி வந்து அள்ளிப் போய்விட்டது. துணி பிரிக்கிற கொட்டகையின் விலாசம் பெட்டியில் எழுதியிருந்தது. போனோம். பூட்டியிருந்தது. காலையில்தான் திறப்பார்கள்.

இரவு அங்கிளுக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் கதிரையில் இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

‘‘நான் முறையைத்தானே தம்பி செய்தனான்.’’

‘‘ஓம் அங்கிள்.’’

‘‘அந்தப் பிள்ளை என்னோடை கோபமோ?’’

‘‘இல்லை அங்கிள்.’’

அவள் கோபமில்லை. அது எனக்குத் தெரியும். தேத்தண்ணீர் போட்டுக் கொண்டுவந்து அவருக்குத்தான் முதலில் கொடுத்தாள்.

வியாழன் இரண்டு மணிக்குத் தகனம். காலையில் கொட்டகை திறக்குமுன் நாங்கள் வாசலில் நின்றோம். தலைவர், அவர் மனைவி, நான். உள்ளே நாலைந்து கிழவிகள் நீள மேசையில் துணி பிரித்துக்கொண்டிருந்தார்கள். நல்லது கடைக்குப் போகும். கிழிந்ததும் சேறு பிடித்ததும் தொழிற்சாலைகளுக்கு எண்ணெய் துடைக்கப் போகும். துண்டு துண்டாக வெட்டிக் கட்டுக் கட்டாக அனுப்புவார்கள். எங்கள் மெஷினுக்குப் பக்கத்திலும் அப்படி ஒரு கட்டு எப்போதும் கிடக்கும். அது எங்கிருந்து வருகிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

பை ஒரு மூலையில் வாய் திறந்து கிடந்தது. ஜேர்சிகள் பக்கத்தில் குவிந்து கிடந்தன. தலைவரின் மனைவி நிலத்தில் குந்தி ஒவ்வொன்றாக விரித்தார். மூன்று. பதினொன்று. ஏழு. என் பதினாலும் கிடந்தது. விளையாடாததால் அது ஒன்றுதான் சேறில்லாமல் இருந்தது.

‘‘மேலே கிடந்த ஒன்றை நேற்றுப் பூட்டுமுன் வெட்டினோம்’’ என்றாள் ஒரு கிழவி. ‘‘துணி நல்ல பருத்தியா என்று பார்க்க. அது கட்டோடு போய்விட்டது. மற்றதை இன்றைக்கு வெட்ட வைத்திருந்தோம்.’’

கடைசியாகப் பைக்குள் விழுந்தது அவனுடையது. முதலில் கையில் வந்ததும் அதுதான்.

தலைவரின் மனைவி திரும்பவும் ஒருமுறை குவியலைக் கிண்டினார். பிறகு எழும்பி முழங்காலைத் தட்டினார்.

வீட்டுக்கு வந்தபோது அவள் வாசலில் நின்றாள்.

‘‘கிடைச்சதோ அண்ணை?’’

‘‘மற்றதெல்லாம் கிடைச்சது பிள்ளை.’’

உள்ளே போய் வேட்டியை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் தந்தாள். மடிப்புக் கலையாத கல்யாண வேட்டி.

‘‘இதைக் கட்டி விடச் சொல்லுங்கோ.’’

இரண்டு மணிக்குக் கிளப் பொடியன்கள் வேலைத்தலங்களிலிருந்து நேரே தகனச்சாலைக்கு வந்தார்கள். தலைவர் காரின் பின்பக்கத்தைத் திறந்து பையை எடுத்தார். ஒவ்வொருவனாகத் தன் ஜேர்சியை எடுத்து, வேலைச் சட்டைக்கு மேலே போட்டான். தோய்க்க நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சேறு காய்ந்து உதிர்ந்தது. நானும் போட்டேன்.

அங்கிள் தேவாரம் பாடினார். தலைவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். எங்களுக்குத் தந்த நேரம் கொஞ்சம். வாசலில் அடுத்த பிரேதத்தின் ஆட்கள் நின்றார்கள்.

பெட்டி உள்ளே போகுமுன் பொடியன்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். விளையாட இறங்குகிற அதே வரிசை. கோல்காரன் முதலில், நான் கடைசியில். ஐந்தும் ஏழும் தோள் முட்ட நின்றார்கள்.

அவள் திரும்பி எங்களைப் பார்த்தாள். கோல்காரனிலிருந்து தொடங்கினாள். உதடு மெல்ல அசைந்தது. ஒவ்வொரு ஆளாகக் கண் நகர்ந்து வந்தது. என்னிடம் வந்து நின்றது.

பதின்மூன்று.