முதல் ரெய்டுக்கு யார்?

எங்கள் கல்லூரிப் பெண்கள் கபடி அணி தோற்றுக்கொண்டே வந்தது. அடுத்த ஆட்டத்தில் முதல் ரெய்டுக்கு என்னை அனுப்புவதா, சீனியர் அக்காவை அனுப்புவதா என்று பஸ் முழுக்க வாக்குவாதம். போன ஆட்டத்தில் எதிரணி மொத்தமும் என்மேல் விழுந்து அமுக்கியதில் மூச்சே நின்றுபோனது. அதிலிருந்து நடுக்கோட்டைப் பார்த்தாலே எனக்குப் பயம். அதை எவளிடம் சொல்வது?

முடிவுக்கு வராமல், குன்றக்குடியில் இறங்கி முருகன் சன்னதியில் பூக்கட்டிப் பார்த்தோம். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளை ஒரு பொட்டலம். சிவப்பு வந்தால் நான். கேப்டன் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். சிவப்பு அரளி.

கண்ணை மூடி நின்ற அக்காவிடம், "உங்களுக்கு வரலையேன்னு வருத்தமாக்கா?" என்றேன்.

"வந்துறக் கூடாதுன்னுதான்டி கும்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

நானும் அதைத்தான் கும்பிட்டிருந்தேன். முருகன் அவள் பேச்சைக் கேட்டுவிட்டான்.