கல்யாணத்துக்கு வந்த சிலிண்டர்

என் அக்காவுக்கும் தலைவலி, எனக்கும் தலைவலி. எங்கள் வீட்டில் இருப்பது ஒரே நோய் என்றுதான் ரொம்ப வருடங்களாக எல்லோரும் நினைத்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் அப்படித்தான் நினைத்தோம்.

ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். அக்கா கொழுந்து பறிக்கிறாள். நான் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறேன். அக்காவின் புருஷன் இறந்த பிறகு அக்காவும் அவள் மகளும் நானும் லயத்தில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், அடுத்தடுத்த இரண்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டு வந்தோம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா மகள்தான் எனக்கும் மகள்.

அக்காவுக்குத் தலைவலி வருவதற்கு முந்தியே எங்களுக்குத் தெரிந்துவிடும். காரணமில்லாமல் கொட்டாவி விடுவாள். கண் ஓரத்தில் ஏதோ மினுங்குகிறது என்பாள். பிறகு போர்வையை இழுத்து மூடிக்கொண்டு இருட்டில் படுத்துவிடுவாள். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, தாளிக்கிற வாசனை ஆகாது. பக்கத்து வீட்டில் ரேடியோ போட்டால் அவள் முகம் சுருங்கும். வாந்தி எடுத்தபின் தூங்குவாள். மறுநாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் போல மலைக்கு வேலைக்குப் போவாள்.

என்னுடையது வேறு மாதிரி. சித்திரை லீவு முடிந்து பள்ளிக்கூடத்தில் இரண்டாம் தவணை தொடங்கினால் வரும். வந்தால் சில வாரங்களுக்குத் தினமும் வரும். அதற்குப் பிறகு அடுத்த வருடம் வரை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. இடைவேளை மணி அடித்துப் பிள்ளைகள் திரும்பி வந்து உட்காரும்போது இடது கண்ணுக்குப் பின்னால் தொடங்கும். பழுக்கக் காய்ச்சிய கம்பியை யாரோ உள்ளே செருகித் திருகுவது போலிருக்கும். அந்தக் கண் மட்டும் சிவந்து நீர் கொட்டும், இமை தொங்கிவிடும், மூக்கில் அந்தப் பக்கம் மட்டும் அடைத்துக்கொள்ளும். என்னால் உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. பள்ளிக்கூடத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பேன். தண்ணீர்க் குழாய் பக்கத்திலிருந்த சீமெந்துத் தூணில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்பேன். டீச்சர் ஒரு கண்ணால் அழுகிறார் என்று பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்ல, டீச்சருக்கு ஏதோ காதல் தோல்வி என்று லயத்தில் கதை கட்டினார்கள்.

பீனிசம், மூக்குக்குள் சளி கட்டியிருக்கிறது என்று யாரோ சொன்னதால் ஆவி பிடித்தேன். கண்ணாடி போட்டேன். பல்லில்தான் கோளாறு என்று ஒருவர் சொல்ல, நல்ல பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டேன். கோயிலில் மந்திரித்து எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். எதற்கும் வலி கேட்காதபோது அக்கா தன் மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள்.

"இதப் போட்டுட்டு அசையாம படுடி. எனக்கு அப்பிடித்தான் போகும்."

"படுக்க முடியலக்கா."

"வலிக்கிறவ எப்பிடி நடப்பா? எனக்கெல்லாம் தலையத் திருப்பக்கூட முடியாது."

அவள் அதை வேண்டுமென்றே சொல்லவில்லை. உண்மையிலேயே அவளுக்கு விளங்கவில்லை. எனக்கும் அப்படித்தான். இத்தனை வலியோடு ஒரு மனுசி எப்படி அசையாமல் கிடக்க முடியும் என்று அவளைப் பார்க்கிற போதெல்லாம் நான் யோசித்திருக்கிறேன்.

அதற்கு விடை பதுளையில் கிடைத்தது. அக்காவுக்கு வலி அடிக்கடி வரத் தொடங்கியதால் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவள் தனியாகப் போகப் பயந்ததால் நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். அது எனக்குக் கெட்ட காலம் என்பதையும், போய்ச் சேரும் நேரம் கெட்ட நேரம் என்பதையும் நான் யோசித்திருக்க வேண்டும். வாங்குப் பலகையில் உட்கார்ந்து அக்காவின் முறைக்காகக் காத்திருக்கும்போது கண்ணுக்குப் பின்னால் திருகத் தொடங்கிவிட்டது.

எழுந்து நடந்தேன். அந்த நடைவழியில் நின்றவர்களை எல்லாம் விலக்கிக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தேன். ஒரு தூண் கிடைத்தது. நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். அக்கா வெட்கத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

உள்ளேயிருந்து வெளியே வந்த டொக்டர் அம்மா என்னைத் தாண்டிப் போனவர் திரும்பி வந்தார். சின்ன வயதுதான். குனிந்து என் சிவந்த கண்ணைப் பார்த்தார். பிறகு சிங்களத்தில் கேட்டார்.

"எப்போதும் இந்தக் கண்தானா?"

"ஆமாம்."

"தினமும் இந்த நேரத்திலா?"

"ஆமாம்."

"வருடத்தில் ஒரு காலத்தில் மட்டும் வந்துவிட்டுப் போய்விடுமா?"

சாத்திரம் பார்ப்பவர் கூட என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் தாதியைக் கூப்பிட்டார். ஒரு கட்டிலில் என்னை உட்கார வைத்து, மூக்கையும் வாயையும் மூடுகிற மாதிரி ஒரு முகமூடியை மாட்டி, ஒக்சிஜனை நன்றாகத் திறந்துவிட்டார்கள். பையோடு இருந்த அந்த முகமூடிக்குள் ஆழமாக மூச்சு விடச் சொன்னார். இதுவும் இன்னொரு எலுமிச்சம்பழம்தான் என்று நினைத்துக்கொண்டே மூச்சை இழுத்தேன்.

முதலில் மூக்கு திறந்தது. பிறகு திருகல் நின்றது. வலி இருந்தது, ஆனால் சும்மா இருந்தது. அதுவும் சிறுத்துச் சிறுத்து, ஒரு மிளகளவுக்கு வந்து, இல்லாமல் போனது. நடைவழியில் ஒரு குழந்தை அழுவது கேட்டது. அவ்வளவு நேரமும் அது அழுதுகொண்டுதான் இருந்ததாம். எனக்குக் கேட்கவில்லை. நான் முகமூடியைக் கழற்றாமலே அழுதேன், இந்த முறை இரண்டு கண்ணாலும்.

அக்கா என் காலடியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். "போயிருச்சாடி?" என்று கேட்டாள். தலையாட்டினேன். "நெசமாவா?" என்று மறுபடியும் கேட்டாள்.

டொக்டர் அம்மா எங்கள் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசினார். அக்காவுக்கு இருப்பது மைக்ரேன். எனக்கு இருப்பது அதன் இனம்தான், ஆனால் அது இல்லை. அங்கிருந்த தமிழ் தாதி ஒருவர், "தமிழ்ல இதக் கொத்துத் தலைவலின்னு சொல்றது. கொத்துக் கொத்தா வந்துட்டுப் போகும்" என்றார்.

"கண்ணப் போட்டுக் கொத்துதுன்னுதானே இவளும் சொல்றா. பேரு சரியாத்தான் வச்சிருக்காங்க" என்றாள் அக்கா. எனக்குச் சிரிப்பு வந்தது.

அக்காவுக்கு வலி வராமல் தடுக்கத் தினமும் ஒரு மாத்திரை. வலி தொடங்குகிற கையோடு போட இன்னொன்று. தாங்கிப் பார்த்துவிட்டுக் கடைசியில் போடக் கூடாது. கண்ட வலி மாத்திரைகளை நாளெல்லாம் விழுங்கினால் அதுவே தலைவலியைக் கொண்டுவரும் என்று கண்டித்தார். எனக்குத் தலையைப் படமெடுத்துப் பார்த்து வேறொன்றும் இல்லை என்று உறுதி செய்தார்கள். இதயத்தின் ஓட்டத்தைப் பதிந்து பார்த்த பிறகு, கொத்துக் காலம் முடியும் வரைக்கும் போட மாத்திரை கொடுத்தார்கள். வலி வரும்போது ஒக்சிஜன்.

"வீட்டில் அடுப்பு எங்கே இருக்கிறது?" என்று டொக்டர் அம்மா கேட்டது முதலில் விளங்கவில்லை. ஒக்சிஜன் இருக்கும் இடத்தில் நெருப்பு இருக்கக் கூடாது, பொறி பட்டாலும் போச்சு என்று அழுத்திச் சொன்னார். என்னைவிட அக்காதான் அதை மனதில் வாங்கிக்கொண்டாள்.

பதுளையில் வாடகைக்குக் கொடுக்கிற இடத்திலிருந்து சிலிண்டர் வந்தது. லொறி லயம் வரைக்கும் வராது. ரோட்டிலிருந்து இரண்டு பேர் சாமி தூக்குகிற மாதிரி கம்பில் கட்டித் தூக்கி வந்தார்கள். லயமே வாசலில் நின்று பார்த்தது. முன்னால் வந்தவர் வாயில் பீடி இருந்தது.

"அண்ணே, அத வீசிட்டு வாங்க. இல்லாட்டி சிலிண்டர அங்கேயே வைங்க" என்றாள் அக்கா.

"பத்த வைக்கலம்மா, சும்மா வாயில வச்சிருக்கேன்."

"சும்மாவும் வேணாம்."

அவர் துப்பிவிட்டுத்தான் படியேறினார். என் அறையில் ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்டு நிற்க வைத்தோம். சாமிப் படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கும் சாம்பிராணியும் அக்கா வீட்டுக்கு இடம் மாறின. அடுத்த வருடம் பள்ளிக்கூட அதிபரே முன்வந்து, ஒரு சின்னச் சிலிண்டரைத் தன் அறையில் வைக்க இடம் கொடுத்தார். வலி தொடங்கினால் பக்கத்து வகுப்பு டீச்சர் என் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். நான் போய் மூச்செடுத்துவிட்டு, முகத்தில் முகமூடியின் தடத்தோடு திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து பாடம் நடத்துவேன். காதல் தோல்விக் கதை நின்றுபோனது. மாத்திரை போட்டதில் வலி வரும் நாட்களும் பாதியாகக் குறைந்தன.

அக்கா மகளுக்கு ஹல்துமுல்லையில் மாப்பிள்ளை அமைந்தபோது எங்களுக்கு உண்மையான சோதனை வந்தது. வைகாசியில் கல்யாணம், மாப்பிள்ளை ஊர்க் கோயில் மண்டபத்தில். முகூர்த்த நேரம் குறித்து வந்ததைப் பார்த்தால், அது என் வலியின் நேரமேதான்.

"வேற நேரம் கேக்கவா?" என்றாள் அக்கா.

"என் தலைக்காக நல்ல நேரத்த மாத்துவாங்களா? நீ உன் தலையப் பாரு."

அவள் தலையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பண்டாரவளை தாண்டி அப்புத்தளை வளைவுகளில் அவள் தலைவலியும் வாந்தியும் இல்லாமல் போனதே கிடையாது. வேனில் டீசல் வாசனை, தலைக்குத் தலை மல்லிகை, சென்ட். போன இடத்தில் மேளம். அதற்கு மேல், பெண்ணின் அம்மா விரதம் இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். வயிறு காய்ந்தால் தலை வலிக்கும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார், நான் சாப்பிடுவேன் என்று அவள் சொல்லிவிட்டாள். பெரியவர்களை எதிர்த்து அக்கா பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சிலிண்டரும் எங்களோடு வந்தது. பின் சீட்டில் பட்டுத்துணி சுற்றிப் படுக்க வைத்துக் கட்டியிருந்தோம். தெமோதரை தாண்டும்போது அக்கா ஒரு கொட்டாவி விட்டாள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அடுத்ததும் வந்தது. வேனை நிறுத்தச் சொல்லி ஒரு பிஸ்கட்டைக் கடித்து, மாத்திரையை அப்போதே போட்டுக்கொண்டு, கண்ணை மூடிச் சாய்ந்தாள். யாரையும் பேசவிடாமல் நான் காவல் இருந்தேன். அப்புத்தளையில் கண்ணைத் திறந்து, "பனி எப்பிடி ஏறுது பாரு" என்றாள். அந்த இடத்தை அவள் கண் திறந்து பார்ப்பதே புதிது.

மண்டபத்தில் சமையல்காரர் சிலிண்டரை காஸ் என்று நினைத்து அடுப்பங்கரைக்கு உருட்டப் பார்த்தார். அக்கா குறுக்கே போய் நின்றாள். கடைசியில் தேங்காயும் வாழைத்தாரும் வைத்திருந்த சாமான் அறையில் அதற்கு இடம் கிடைத்தது.

மணவறையில் பெண் வந்து உட்கார்ந்தாள். எனக்குக் கண்ணுக்குப் பின்னால் திருகியது. அக்காவைப் பார்த்தேன். அவள் புரிந்துகொண்டு தலையசைத்தாள். நான் சாமான் அறைக்கு நடந்து, முகமூடியை மாட்டிக்கொண்டு ஒரு அரிசி மூட்டையில் உட்கார்ந்தேன்.

ஜன்னலில் மாப்பிள்ளையின் அத்தை முகம் தெரிந்தது. ஒரு கணம் பார்த்துவிட்டுக் காணாமல் போனார். கொஞ்ச நேரத்தில் நாதஸ்வரம் நின்றுவிட்டது. பெண்ணின் சித்திக்கு உயிர் இழுக்கிறது என்று மண்டபம் முழுக்கப் பரவியிருந்தது. மணவறையில் பெண், சித்தி வராமல் தாலி வேண்டாம் என்று எழுந்து நின்றுவிட்டாளாம். ஐயர் நேரம் போகிறது என்கிறாராம்.

அக்காவின் குரல் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. "எல்லாரும் உக்காருங்க. அவளுக்கு ஒண்ணும் ஆகல. தலவலிக்கு மருந்து எடுக்குறா, வந்துருவா. ஐயரே, நீங்க மந்திரத்தச் சொல்லுங்க. மேளத்த வாசிங்க, நல்லாச் சத்தமா வாசிங்க."

மேளம் எழுந்தது. நான் இழுத்து இழுத்து மூச்சு விட்டேன். மூக்கு திறந்தது. வலி சிறுத்தது. கெட்டிமேளம் கொட்டத் தொடங்கும்போது, ஒரு கண் சிவந்து, கன்னத்தில் பட்டையாகத் தடம் பதிந்து, சேலை முழுக்க அரிசித் தூசியோடு நான் மணவறைக்கு முன்னால் வந்து நின்றேன். எங்கள் பெண் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் தாலிக்குத் தலை குனிந்தாள். அட்சதை போட்டேன். தவில்காரருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். காதைப் பொத்தவில்லை.

பந்தியில் மாப்பிள்ளையின் அத்தை எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பயந்துவிட்டதாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், எங்க அண்ணனும் இப்பிடித்தாங்க. வருசத்துக்கு ஒரு தடவ வரும். செவுத்துல போயி முட்டுவாரு. பேய் புடிச்சிருக்குன்னு சொல்லி எங்கெங்கயோ கூட்டிட்டுப் போனோம்."

"ஒரு கண்ணுல மட்டும் தண்ணி வருமா?"

சோற்றில் இருந்த அவர் கை நின்றுவிட்டது. "ஆமாங்க" என்றார்.

நான் டொக்டர் அம்மா கேட்ட கேள்விகளை எல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஆமாங்கதான். பதுளைக்கு எந்தக் கிழமை வர வேண்டும் என்று சொன்னேன். நீங்களாக எந்த மருந்தும் கொடுக்க வேண்டாம், முதலில் டொக்டரிடம் காட்டுங்கள் என்றேன்.

அந்த அண்ணன் லொறி ஓட்டுகிறவர். கிளினிக்குக்குப் போய், தனக்கும் சிலிண்டர் எழுதி வாங்கிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு எங்கள் லயத்துக்கு வந்தார். வாட்டசாட்டமான ஆள். நாற்காலி நுனியில் கூச்சத்தோடு உட்கார்ந்தார். அக்கா தேத்தண்ணி கொடுத்தாள். குடித்து முடித்துக் கோப்பையைத் தரையில் வைத்தார்.

"உங்களுக்கு எந்தக் கண்ணுங்க டீச்சர்?" என்று பிறகு கேட்டார்.

"இடது. உங்களுக்கு?"

"வலது. தூண்ல முட்டுவீங்களா?"

"முட்டுவேன். நீங்க?"

"நான் லொறி டயர்ல. அது கொஞ்சம் மெத்துன்னு இருக்கும்."

எங்களுக்கு இது அடுத்த வருடமும் வரும் என்று இருவருக்கும் தெரியும். டொக்டர் அம்மா அதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். ஆனாலும் நாங்கள் சிரித்தோம், அவர் மனைவியும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு விளங்காமல் உட்கார்ந்திருக்க, கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தோம்.